லாக் புக்கின் வலது பக்கம்

பள்ளிகொண்டாவில் ஹைவே ஓரம் இரண்டு பஸ் நிறுத்தங்கள் எதிரெதிரே இருக்கின்றன. திங்கள் முதல் வியாழன் வரை ஆம்பூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு பக்கம் நிற்பேன். வெள்ளியும் சனியும் வேலூர் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம். முதல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தூக்கக் கலக்கத்தில் கம்பெனி பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். மாதனூர் தாண்டிய பிறகுதான், மடியில் டிபன் பாக்ஸுக்குப் பதிலாக நோட்டுப் புத்தகம் இருப்பது தெரிந்தது. பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்காமல் ஓரம் கட்டி இறக்கிவிட்டார்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஷூ கம்பெனியில் பத்து வருஷம் மிஷினில் தைத்தவள். நாலு நாள் வேலை, இரண்டு நாள் படிப்பு, இரண்டு வருஷம் முடிந்தால் டிப்ளமோ என்று கம்பெனியில் ஒரு திட்டம் வந்தபோது, பெயர் கொடுத்தவர்களில் நான்தான் வயதில் பெரியவள். வெட்டுவது, ஓரம் சீவுவது, தைப்பது, அச்சில் ஏற்றுவது என்று எல்லாப் பிரிவிலும் சில மாதம் உட்காரவேண்டும். அதையே பாடமாக வேலூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் படிக்கவேண்டும். இவ்வளவு நாள் நான் தைத்த ஷூவின் முன்கதையும் பின்கதையும் எனக்குத் தெரியாது. என் மேஜைக்கு வந்ததைத் தைத்து அடுத்த மேஜைக்குத் தள்ளியதோடு சரி.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. எங்கள் கம்பெனி மாடியில் சாம்பிள் ரூம் என்று ஓர் அறை. புதிதாக ஒரு ஷூ வரப்போகிறது என்றால் அதன் முதல் ஜோடியை அங்கேதான் செய்வார்கள். நாலைந்து பேர், ஜன்னலோரம் பெரிய மேஜைகள், மணிக்கு இத்தனை என்று துரத்த ஆளில்லை. டிப்ளமோ இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள் நான். இந்த முறை பாதியில் விடுவதில்லை என்று யாரிடமும் சொல்லாமல் எனக்குள் சத்தியம் செய்திருந்தேன்.

படிப்பு கஷ்டமாக இருக்கவில்லை. லாக் புக்தான் என் உயிரை வாங்கியது.

வாரத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கத்தில் அந்த வாரம் கம்பெனியில் என்ன வேலை செய்தோம் என்று எழுதவேண்டும். வலது பக்கத்தில், எது தப்பாகப் போனது, ஏன். கீழே இரண்டு கையெழுத்து: கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசர் ஒன்று, பள்ளியில் மேடம் ஒன்று. பக்கங்களுக்கு எண் அச்சடித்து முத்திரை குத்தியிருப்பார்கள், கிழிக்க முடியாது. ஒரு வாரத்துக்குக் கையெழுத்து இல்லை என்றாலும் தேர்வுக்கு ஃபார்ம் வாங்கமாட்டார்கள்.

இடது பக்கத்தை நான் பொடி எழுத்தில் நிரப்பிவிடுவேன். வலது பக்கத்தில் எட்டு வாரமும் ஒரே வார்த்தைதான்: இல்லை. கம்பெனியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் எழுதுவார்கள். தப்பு நடந்தால் சத்தமில்லாமல் பீஸை மாற்றிவிட்டு அடுத்ததை எடுப்போம். அதைப் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பதற்கு எங்களுக்கு என்ன பைத்தியமா?

மேடம் என்னைவிட ஆறேழு வயது சின்னவர். சுடிதாருக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு வகுப்பில் அங்குமிங்கும் நடப்பார். எட்டாவது வாரம் என் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எட்டு வாரமா ஒரு தப்பும் இல்லியாக்கா? அப்ப நீங்க இங்க உக்காருங்க, நான் அங்க வந்து உக்காந்துக்குறேன்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல். "தப்பு பண்ணாதான் படிச்சேன்னு அர்த்தமா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பண்ணத எழுதுங்கன்னுதான் கேக்குறேன்" என்று சொல்லி நோட்டைக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் வழி நெடுக அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

கம்பெனியில் எனக்குக் கையெழுத்துப் போடவேண்டிய சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, பக்கத்து மிஷினில் ஆறு வருஷம் என்னோடு உட்கார்ந்து தைத்தவள். ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரி. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். அவள் கை வேகத்தைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு முன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். திட்டத்துக்கு அவளும் பெயர் கொடுக்க நினைத்தாள். சின்னக் குழந்தை இருந்ததால் வீட்டில் விடவில்லை. நான் நோட்டை நீட்டும்போதெல்லாம், "வாங்க காலேஜ் பொண்ணு" என்பாள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

என்னை ஓரம் சீவும் மிஷினில் உட்காரவைத்த முதல் திங்கட்கிழமை. தோலின் ஓரத்தை மெல்லிசாகச் சீவினால்தான் மடித்துத் தைக்கும்போது தடிப்பில்லாமல் படியும். அதிகம் சீவினால் ஓரம் வலுவிழந்துவிடும். முந்தின சனிக்கிழமைதான் பள்ளியில் இதே பாடம். அங்கே இருப்பது புத்தம்புது மிஷின். அளவுத் திருகை எண் இரண்டில் வைத்தால் கச்சிதமாக வந்தது. சீவியதும் ஓரத்தை அளவுகோலில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று மேடம் சொன்னார், பார்த்தோம். கம்பெனியில் அளவுகோல் கிடையாது. அங்கே கட்டைவிரல்தான். ஓரத்தைத் தடவிப் பார்த்தே சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

நான் இரண்டையும் செய்யவில்லை. கையில்தான் எண் இருக்கிறதே! நோட்டைப் பார்த்து, கம்பெனியின் பழைய மிஷினிலும் திருகை இரண்டில் வைத்தேன். வருஷக்கணக்காகத் தேய்ந்துபோன அந்த மிஷினின் இரண்டும் புது மிஷினின் இரண்டும் ஒன்றாக இருக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. கம்பெனியில் மட்டும் இருந்தவள் விரலால் தடவியிருப்பாள். பள்ளியில் மட்டும் படித்தவள் அளந்து பார்த்திருப்பாள். இரண்டு இடத்திலும் கால் வைத்தவள் நான், எண்ணை நம்பினேன்.

எங்கள் கம்பெனியில் முதல் பீஸ் என்று ஒரு வழக்கம் உண்டு. மிஷினைப் புதிதாகச் செட் பண்ணினால் முதலில் வரும் துண்டை சூப்பர்வைசரிடம் காட்டவேண்டும். அவர் தடவிப் பார்த்து, உள்பக்கத்தில் சில்வர் பேனாவால் டிக் போட்டு, மிஷினுக்கு மேலே இருக்கும் கொக்கியில் மாட்டுவார். அதற்குப் பிறகுதான் மற்றதைச் சீவலாம். அன்று நான் முதல் பீஸை நீட்டியபோது என் தோழி அதை வாங்கினாள். தடவவில்லை.

"நீதான் காலேஜ் போறியே. உன்ன நான் செக் பண்றதா?" என்று டிக் போட்டுக் கொக்கியில் மாட்டிவிட்டாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மதியம் வரை சீவித் தள்ளினேன். சாப்பாட்டுக்குப் பிறகு வேறு ஆர்டருக்காக மெக்கானிக் வந்து மிஷினை மாற்றி வைத்தார். என் காலை நேரத்துத் துண்டுகள் மட்டும் தையலுக்குப் போய்ச் சேர்ந்தன. மடித்துத் தைத்துவிட்டால் ஓரம் மெலிந்திருப்பது வெளியே தெரியாது.

புதன்கிழமை லாஸ்டிங்கில் தெரிந்தது. தைத்த மேல்பாகத்தைக் கால் வடிவ அச்சின் மேல் போர்த்தி மிஷின் இழுத்துப் பிடிக்கும் இடம் அது. முப்பது ஜோடிக்கு மேல் தையலோரமாகக் கிழிந்ததாம். அந்த மிஷினில் இருந்த அண்ணன் இருபது வருஷ அனுபவக்காரர். அதிகமாக இழுத்துவிட்டார் என்று அவரை எடுத்துவிட்டு, அடிப்பாகத்துக்குப் பசை தடவும் மேஜையில் உட்காரவைத்தார்கள். வியாழக்கிழமை வேறொருவர் அந்த மிஷினில் உட்கார்ந்தார். ஒன்றுகூடக் கிழியவில்லை. என் பீஸெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது, எப்படிக் கிழியும்? ஆனால் பார்த்தவர்களுக்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது.

வியாழன் மதியம் ரிஜெக்ட் கூடையைத் தாண்டிப் போனபோது சும்மா ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கிழிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினேன். காகிதமாக இருந்தது. அதோடு கட்டியிருந்த வேலை டிக்கெட்டைப் பார்த்தேன், திங்கட்கிழமை காலை, என் டோக்கன் எண். நேரே என் தோழியிடம் போனேன். அவள் பீஸைக் கையில்கூட வாங்கவில்லை.

"லாஸ்டிங் கணக்குல போய்டுச்சுல்ல, உட்டுடு. கிளறாத."

"அந்த அண்ணன பசை மேஜையில உக்கார வெச்சுட்டாங்கப்பா."

"ரெண்டு வாரத்துல மறுபடியும் மிஷினுக்குப் போய்டுவாரு. நீ போய் வேலையப் பாரு."

போனேன். கொக்கியில் மாட்டியிருந்த முதல் பீஸ் அங்கே இல்லை. அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது நிம்மதியாகவே இருந்தது.

அந்த நிம்மதி அடுத்த நாள் வேலூரில் நோட்டைத் திறக்கும்வரைதான் இருந்தது. வலது பக்கத்தில் வழக்கம்போல 'இல்லை' என்று எழுதப் பேனாவை வைத்தேன். எழுத வரவில்லை. என்னமோ கோபம் வந்தது, மேடம் மேல், என் மேல், அந்தப் புது மிஷின் மேல். அந்தக் கோபத்திலேயே பக்கம் முழுக்க எழுதினேன். எண்ணைப் பார்த்து வைத்தது, அளக்காதது, தடவாதது, எல்லாம். கடைசி வரியாக, 'லாஸ்டிங் மிஷின் இயக்கியவர்மேல் எந்தத் தவறும் இல்லை' என்று எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். முதல் பீஸைத் தடவாமலே டிக் போட்டதை எழுதவில்லை. ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்.

மேடம் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது பாடம்க்கா" என்றார். அந்த வாரமே ஒரு விஷயத்தையும் அறிவித்தார்கள்: முதல் பருவத் தேர்வு ஃபார்ம் கொடுக்க அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

திங்கட்கிழமை நோட்டை நீட்டினேன். என் தோழி வலது பக்கத்தைப் பாதி படித்ததும் மூடிவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இதுல நான் சைன் போட மாட்டேன்."

"ஏன்?"

"ஆடிட்டுக்கு வர்றவன் பார்த்தா இன்னா ஆவும் தெரியுமா? வேற எழுதிக் குடு."

"பக்கம் நம்பர் போட்டிருக்குது. கிழிக்க முடியாது."

"அப்ப அடிச்சிட்டு மேல எழுது. எனக்கு இன்னா?"

செவ்வாய்க்கிழமையும் நீட்டினேன். பார்க்காததுபோல் போய்விட்டாள். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் வேறு மேஜைக்கு மாறி உட்கார்ந்தாள். எதிர்ச்சுவர் ஓரமாகப் பசை மேஜையில் அந்த அண்ணன் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். முன்பெல்லாம் லாஸ்டிங் பக்கம் போனாலே அவர் குரல்தான் முதலில் கேட்கும். அந்த வாரம் அவர் பேசியதை நான் கேட்கவில்லை.

புதன் சாயங்காலம் மேடத்துக்கு போன் செய்தேன். "சைன் இல்லாம ஃபார்ம் எடுத்துக்க மாட்டாங்கக்கா. எனக்கும் வேற வழி தெரியல. ஆனா எழுதினத மாத்துங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் படிக்கப் போவதில் என்னைவிட அவருக்குத்தான் குஷி, தண்ணீர் பாட்டிலைக்கூட அவர்தான் நிரப்பித் தருவார். அவரே சொன்னார்.

"ஒரு பக்கத்துக்காக ரெண்டு வருஷத்த உடுவியா? அடிச்சிட்டு ஒழுங்கா எழுதிக்கினு போ. யாரு படிக்கப் போறா?"

"நான் படிப்பேனே" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அழுகை வந்துவிட்டது. சாம்பிள் ரூம் ஜன்னலை நினைத்து அழுதேன். முகம் கழுவி வந்து பேனாவை எடுத்தேன். வரிக்கு மேல் கோடு போடப் பார்த்தேன், முடியவில்லை. நோட்டைப் பையில் திணித்து, ஃபார்ம் போனால் போகட்டும் என்று படுத்துவிட்டேன். பெரிய தியாகி மாதிரி எல்லாம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்தேன்.

வியாழக்கிழமை காலை டீ நேரத்தில் என் தோழியே என் மிஷினுக்கு வந்தாள். "அந்த நோட்ட குடு" என்றாள். கொடுத்தேன். இந்த முறை நின்ற இடத்திலேயே முழுசாகப் படித்தாள். உதடு அசைவது தெரிந்தது.

"இன்னா இது, பாதிதான் எழுதியிருக்க?"

"எனக்குத் தெரிஞ்சதத்தான் எழுதினேன்."

"பொய் சொல்லாத. தெரிஞ்சுதான் உட்டுட்ட. நாலு நாளா அதுதான்டி எனக்குத் தூக்கம் வர்ல. நீ என்னையும் சேத்து எழுதியிருந்தா உன்கூட சண்டை போட்டிருப்பேன். இப்ப யார்கூட சண்டை போடுறது?"

கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். கொக்கியிலிருந்து காணாமல்போன முதல் பீஸ். உள்பக்கத்தில் அவள் போட்ட சில்வர் டிக் பளபளத்தது. பிறகு என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, வலது பக்கத்தில் மீதியிருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தாள். 'முதல் பீஸை நான் தொட்டுப் பார்க்கவில்லை. பார்க்காமல் டிக் போட்டேன். அவள் படிக்கப் போகிறாள் என்ற எரிச்சலில் அப்படிச் செய்தேன்.' இவ்வளவுதான். அதற்குக் கீழே கையெழுத்து.

"எரிச்சல்னு எல்லாம் எழுதணுமா?" என்றேன்.

"ஏன் தப்பாச்சுன்னு கேட்டிருக்குதே" என்றாள்.

இரண்டு பேரும் முதல் பீஸையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனோம். ஒரு அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அவளுக்கு ஒரு மெமோ, எனக்கு ஒரு மெமோ. ஆடிட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய மிஷின்களுக்கு ஓர் அளவுகோல் வாங்கவேண்டும் என்று எங்கள் முன்னாலேயே யாருக்கோ போன் செய்தார். மறுநாள் வேலூர் பஸ்ஸைப் பிடித்து ஃபார்மைக் கொடுத்தேன். தேர்வும் எழுதினேன், இரண்டு வருஷம் முடிந்து டிப்ளமோவும் வந்தது. இப்போது சாம்பிள் ரூமில்தான் இருக்கிறேன். நினைத்த அளவுக்கு அங்கே காற்று வருவதில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன். அடுத்த பேட்ச்சுக்கு என் தோழி பெயர் கொடுத்துவிட்டாள். குழந்தையை வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

ஆனால் அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வியாழக்கிழமை சாயங்கால டீ நேரம். மேனேஜர் அறையிலிருந்து வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் பசை மேஜைக்குப் போனோம். அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் என் தோழி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் அவள் எழுதியதையும் படித்தேன். திட்டுவார் என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்து நின்றோம்.

அவர் பிரஷ்ஷைப் பசை டப்பாவில் வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு நாளா பேஜார்மா. கை நடுங்குதான்னு வூட்ல டம்ளர குடுத்துப் பிடிக்க வெச்சுப் பாக்குறாங்க. பொண்டாட்டி டாக்டராண்ட போலாம்னுது. மிஷின் ஜாஸ்தி இழுக்கலன்னு முதல் நாள் சொன்னேன். அப்புறம் நானே நம்பிட்டேன்மா, நம்ம கைதான் போச்சுன்னு."

எனக்குத் தேர்வு, அவளுக்கு சூப்பர்வைசர் வேலை என்று நாங்கள் நாலு நாளாக இழுத்துக்கொண்டிருந்தபோது இந்த மனுஷன் வீட்டில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்றேன். அவர் பசை ஒட்டிய விரலை மேஜைமேல் கிடந்த பழைய வேட்டித் துணியில் அழுத்தித் துடைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அந்தப் பக்கத்த நல்லா விரிச்சுப் புடிம்மா. என் மேல தப்பில்லன்னு போட்டிருக்குதே, அந்த வரி தெரியணும். ரெண்டு சைனும் தெரியணும். வூட்ல காட்டணும்."

நோட்டின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை என் தோழியும் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் படத்தில் என் கட்டைவிரல் விழுந்துவிட்டது, இரண்டாவது மங்கலாக வந்தது. மூன்றாவது முறைதான் எழுத்தெல்லாம் தெளிவாக விழுந்தது.